தொட்டியைத் தொட்டியில் போடலாமா?

எங்கள் வீட்டில் ஒரு போர்க்கால அறை இருக்கிறது. சிங்கப்பூரில் 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் இருப்பதுதான். தடித்த கான்கிரீட் சுவர், நகைக்கடைப் பெட்டகம் மாதிரி இரும்புக் கதவு. குண்டு விழுந்தால் குடும்பத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இன்றைக்குக் குண்டு விழுந்தால் நானும் மனைவியும் மகளும் வரவேற்பறையில் நின்றபடியே அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே இடமில்லை. 61 கறுப்புப் பிளாஸ்டிக் பூந்தொட்டிகள் அங்கே சௌக்கியமாக இருக்கின்றன.

61 என்று எண்ணியது நான் இல்லை, மனைவி. எண்ணி முடித்துவிட்டு, "அறுபத்தோரு செடி வாங்கியிருக்கீங்க. வாசல்ல உசுரோட இருக்கிறது ஒம்போது" என்றாள். அவள் கணக்கில் கெட்டி. நான் பேச்சை மாற்றுவதில் கெட்டி.

வினை 2020 ஜூனில் ஆரம்பித்தது. கொரோனா முடக்கம் தளர்ந்துகொண்டிருந்த நேரம். வீட்டிலேயே காய்கறி வளர்க்கச் சொல்லி தேசியப் பூங்காக் கழகம் இலவசமாக விதைப் பொட்டலங்கள் அனுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2030-க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருந்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் உணவை வெளியிலிருந்து தருவிக்கும் நாடு இது. நாமும் கொஞ்சம் தோள் கொடுப்போமே என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் போகத்தில் நான்கு கீரைத் தண்டுகள் விளைந்தன. ரசத்தில் போட்டோம். எங்கே போயின என்று தெரியவில்லை. (2025 நவம்பரில் அந்த 30 விழுக்காட்டு இலக்கை எடுத்துவிட்டு 2035-க்கு வேறு இலக்குகள் அறிவித்துவிட்டார்கள். என் விளைச்சல் யார் மூலமாகவோ மேலே தெரிந்திருக்கிறது.)

விதை கைகொடுக்கவில்லை என்றதும் செடியாகவே வாங்க ஆரம்பித்தேன். தேக்காச் சந்தையில் துளசி, கறிவேப்பிலை. பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனில் வேரோடு மஞ்சள். தாம்சன் சாலைப் பக்கம் நர்சரிகளுக்குப் போனால் மல்லி, செம்பருத்தி, லிமாவ் கஸ்தூரி. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கறுப்புத் தொட்டியில் வரும். வீட்டுக்கு வந்ததும் செடியை மண்தொட்டிக்கு மாற்றுவேன். கறுப்புத் தொட்டி கையில் நிற்கும். செடி மூன்று மாதத்தில் என்னிடமிருந்து விடுதலை பெற்றுக்கொள்ளும். தொட்டி அப்படியே இருக்கும்.

தொட்டியோடு முடிந்ததா? உரம் வந்த பின்னல் சாக்கு, அதற்குள்ளே இன்னொரு பிளாஸ்டிக் உறை, நாற்று வளர்க்கும் குழித்தட்டு, வெயிலுக்குக் கட்டிய பச்சை நிழல்வலை. தென்னைநார்த் தூள் கட்டி ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக் தாளில் நறுவிசாகச் சுற்றியிருந்தது. திருப்பிப் பார்த்தால் பொள்ளாச்சி. சின்ன வயதில் கயிற்று மில்களுக்குப் பின்னால் அந்தத் தூள் மலையாகக் குவிந்து, யாராவது அள்ளிப் போனால் போதும் என்று கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் ஆறு வெள்ளி கொடுத்து, மூன்றாயிரம் கிலோமீட்டர் தள்ளி, குளிரூட்டிய கடையில் வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறேன்.

இனி என் தோல்விகளை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை முக்கியம். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் செலவு கூடியது.

எங்கள் புளோக்கின் கீழே நீலத் தொட்டி நிற்கிறது. தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001-இல் வந்தது; இன்று புளோக்குக்கு ஒன்று வீதம் நீலத் தொட்டிகள் நிற்கின்றன. காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றாகவே அதற்குள் போகலாம். பூந்தொட்டியும் பிளாஸ்டிக்தானே? தொட்டியைத் தொட்டியில் போடுவதில் என்ன தப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினான்கு தொட்டிகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, புண்ணியம் செய்த களைப்பில் கோப்பிக் கடைக்குப் போய்ப் பசியாறினேன். திரும்பி வந்தால் பதினான்கும் வெளியே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. புளோக்கைச் சுத்தம் செய்யும் தம்பி, மன்னார்குடிக்காரர், தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க போட்டதா? மண்ணோட போட்டுட்டீங்க. அதுல வேற தண்ணி நின்னிருக்கு. பாருங்க, அட்டை, பேப்பர் எல்லாம் சேறாயிருச்சு."

நான் "யார் இப்படிப் பண்றாங்களோ" என்று சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கையில் மண் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

நீலத் தொட்டிகளுக்குள் விழுவதில் சுமார் 40 விழுக்காடு அசுத்தமானது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லிவருகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம், மீன்தலையையும் மிச்சச் சோற்றையும் போடுகிற யாரோ நாகரிகம் தெரியாத ஆசாமியை மனசுக்குள் திட்டிவந்தேன். அந்த ஆசாமி ஒன்பதாவது மாடியில் என் வீட்டில்தான் இருக்கிறான்.

சரி, கழுவிப் போடுவோம் என்று குளியலறையில் உட்கார்ந்தேன். தொட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் ஒரு ஜாதி, 5 என்றால் ஒரு ஜாதி, 6 என்றால் வேறு. கலந்து உருக்கினால் எதற்கும் ஆகாது. என் தொட்டிகளில் பாதிக்கு எண்ணே இல்லை. அதற்கும் ஒரு வழி படித்து வைத்திருந்தேன்: 2-ம் 5-ம் தண்ணீரைவிட லேசு, மிதக்கும், 6 முழுகும். உடைந்த தொட்டிகளை நறுக்கி வாளியில் போட்டு, குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விஞ்ஞானம் பொய்க்கவில்லை. மிதந்தது ஒரு குவியல், முழுகியது ஒரு குவியல், அழகாகப் பிரிந்துவிட்டன. இரண்டையும் யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதற்குள் மூன்று மணிநேரம் கழுவிய சேறு தரைத் துவாரத்தில் இறங்கிக் கெட்டிப்பட்டிருந்தது. பிளம்பர் 90 வெள்ளி வாங்கிக்கொண்டார். "என்ன அங்கிள், வீட்டுக்குள்ளே விவசாயமா?" என்றும் கேட்டார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அடுத்தது காராங் கூனி. ஹாரனை அமுக்கிக்கொண்டு தள்ளுவண்டியோடு வருவாரே, பழைய சாமான் வாங்குகிற சீனப் பெரியவர். மலாய்க்காரர்கள் 'கூனி' என்பதும் நம் கோணிப்பையும் உறவுக்காரச் சொற்கள். அந்தப் பாசத்தில் மேலே அழைத்தேன். பழைய செய்தித்தாள், துணி, இரும்பு, ரேடியோ எல்லாம் எடுப்பவர் தொட்டிகளைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். நான் காசு தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஐம்பது வருஷத் தொழிலில் அவருக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் வாய்த்திருக்கமாட்டார். இரக்கத்தோடு பார்த்துவிட்டு, தொட்டிகள் அடுக்கியிருந்த இரும்பு ஸ்டாண்டுக்கு மூன்று வெள்ளி கொடுத்து அதைத் தூக்கிக்கொண்டு போனார். தொட்டிகள் தரையில் கிடந்தன. மறுநாள் அவற்றை அடுக்க ஸ்டாண்ட் வாங்கினேன், 12 வெள்ளி. பிளாஸ்டிக்.

வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுப்பதுதான் நியாயம் என்று பட்டது. இரண்டு பெரிய பைகளில் கட்டி, பேருந்தில் எல்லாரும் பார்க்க, ஒரு நர்சரிக்குப் போனேன். முதலாளி அங்கிள் ஒரு தொட்டியை எடுத்து முகர்ந்தே பார்த்தார். அவர் சொன்னதன் சாரம் இது: புதுத் தொட்டி எனக்குச் சில காசுக்குக் கிடைக்கிறது. உன் தொட்டியை வாங்கினால் கழுவ ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பூஞ்சை, வேர்ப்புழு ஏதாவது ஒட்டியிருந்தால் மருந்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஒன்று தப்பினால் என் செடி நூறு போய்விடும். "கேனாட் லா, பிரதர்."

அவர் பேச்சில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு செண்பகக் கன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இந்தக் கறுப்பு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேருக்கு வெளிச்சம் ஆகாது, வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கவும் கூடாது. அதற்காகக் கரித்தூள் கலந்து செய்கிறார்கள். தரம் பிரிக்கும் ஆலையிலோ அகச்சிவப்புக் கதிரை அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் இயந்திரம் இது இன்ன பிளாஸ்டிக் என்று அடையாளம் காணும். கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிவிடும். பட்டையில் ஓடிவரும் கறுப்புத் தொட்டி அந்த இயந்திரத்தின் கண்ணுக்குப் படவே படாது. தேய்த்துத் தேய்த்து நான் பளபளவென்று கழுவிய தொட்டிகூட அங்கே இருட்டில் நிற்கும் காக்கைதான். இதை நான் படித்தது 90 வெள்ளிக்குப் பிறகு.

இவ்வளவு படித்ததன் பலனாக வசிப்போர் குழுவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பதைவிட, பேசவிட்டார்கள் என்பது சரி. பத்து நிமிடம் வெளுத்து வாங்கினேன். 2023-இல் இந்த நாட்டில் உண்டான பிளாஸ்டிக் கழிவு 957,000 டன், அதில் மறுபயனீட்டுக்குப் போனது 5 விழுக்காடு. மற்றதெல்லாம் எரிகிறது. எரிந்த சாம்பல் துவாஸிலிருந்து படகேறி செமாக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த அந்தக் குப்பைத் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும். "ஆகவே நண்பர்களே, குப்பைக் குழாயில் எதையும் போடுமுன் ஒரு கணம் யோசியுங்கள்" என்று குரலை இறக்கி முடித்தேன். கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) கண் கலங்கியதாக எனக்குத் தோன்றியது. அவருக்குக் கண்புரை என்று மனைவி பிறகு சொன்னாள். நினைவுப் பரிசாக ஒரு மணிபிளாண்ட் கொடுத்தார்கள். கறுப்புத் தொட்டியில்.

அன்றிரவு பதினொன்றரை மணிக்கு நான் செய்ததை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. போர்க்கால அறையைத் திறந்தேன். பரிசுத் தொட்டியை உள்ளே வைக்க இடம் பண்ணவேண்டும். பெரிய தொட்டி ஒன்று, பன்னிரண்டு அங்குலம், வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதைக் கைலிக்குள் மறைக்கப் பார்த்து முடியாமல், அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு மின்தூக்கிக்குப் பக்கத்திலுள்ள குப்பைக் குழாய்க்குப் போனேன். முதலில் நுழையவில்லை. முழங்காலால் அமுக்கினேன். "டொப்" என்று உள்ளே போனது. இறங்குகிற சத்தத்தை எதிர்பார்த்து நின்றேன். சத்தமே இல்லை.

மறுநாள் சாயங்காலம் மின்தூக்கியில் நான்கு மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: குப்பைக் குழாய் அடைத்துக்கொண்டது, பெரிய பொருள்களைப் போடவேண்டாம். கீழே புகைப்படம். என் மகள் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

"அப்பா, தொட்டியில ஏதோ தமிழ்ல எழுதியிருக்கு. மதுரை மல்லி... 14/3."

நான் தொட்டிகளுக்குப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுகிற ஒழுங்கான ஆள். எங்கள் புளோக்கில் தமிழ் எழுதத் தெரிந்த குடும்பம் இரண்டுதான். இன்னொரு வீட்டில் யாரும் செடி வளர்ப்பதில்லை. அடுத்த ஒரு வாரம் ஒன்பது மாடியும் படிக்கட்டில் ஏறினேன். உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அந்தத் தொட்டி, அலசித் துடைத்து, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தம்பிதான். மேலே கையை விட்டு எடுத்தவர், கழுவி, கொண்டுவந்தும் வைத்திருக்கிறார். "தமிழ்ல எழுதி இருந்துச்சுண்ணே. தேடுவீங்களேன்னு" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். செய்யவில்லை. அதுதான் 61-ஆவது தொட்டி.

ஒட்டன்சத்திரம் பக்கம் மச்சானுக்குத் தோட்டம் இருக்கிறது. மிளகாய், தர்பூசணி. ஆறுதலுக்கு அவரை அழைத்தேன். வயிறு வலிக்கச் சிரித்தார்.

"என்ன மாப்ள, அறுபது பூந்தொட்டிக்கா இவ்வளவு அழுகை? இங்க ஏக்கருக்கு நாலஞ்சு உருளை மல்ச்சிங் சீட் விரிக்கிறோம். ஓர் உருளை நானூறு மீட்டர். காய் முடிஞ்சா உருவி எடுக்கணும். கந்தலா கிழிஞ்சு, பாதி மண்ணோட வருது. எடைக்குப் போடுற கடைக்காரன் கையால தொடமாட்டேங்குறான்."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

"வரப்புல போட்டுக் கொளுத்திருவோம். வேற?"

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவர், புகையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்பதுபோல, வேறு பேச்சுக்குப் போய்விட்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவர 2021-இல் ஓர் இயக்கமும் தொடங்கினார்கள். மச்சான் சந்தைக்கு மஞ்சப்பை எடுத்துக்கொண்டுதான் போகிறார். அந்தப் பைக்குள் வருகிற மிளகாயின் காலடியில் விரித்திருந்த தாளைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை.

நானும் கேட்டவன் இல்லை. தேக்காச் சந்தையில் சிவப்புப் பிளாஸ்டிக் பையைக் கடைக்காரர் நீட்டினால், "வேணாம்க்கா, பை இருக்கு" என்று பத்துப் பேருக்குக் கேட்கும்படி சொல்லுவேன். பேரங்காடிகளில் 2023 ஜூலையிலிருந்து பைக்குக் குறைந்தது 5 காசு. தேக்காவில் இன்னும் இலவசம். இலவசத்தை மறுப்பதில் ஒரு கம்பீரம் உண்டல்லவா? அப்படித் துணிப்பையில் போட்டுக்கொண்ட தக்காளியும் முட்டைக்கோசும் பெரும்பாலும் கேமரன் மலையிலிருந்து வந்தவை. பள்ளி விடுமுறையில் அங்கே போனோம். பிரிஞ்சாங் தாண்டி வளைவில் திரும்பியதும் மகள், "அப்பா, அங்க பாருங்க, ஏரி!" என்றாள். மலைச் சரிவு முழுக்க வெள்ளையாக மினுங்கியது. ஏரி சரிவில் நிற்காதே என்று நான் சொல்வதற்குள் வண்டி கிட்டப் போய்விட்டது. பிளாஸ்டிக் கூரைகள். மழைக்கு மறைப்பாக, படிப்படியாக, மலையின் தோள்வரைக்கும் போட்டிருந்தார்கள். வெயிலும் மழையும் தின்று, சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை மாற்றியாக வேண்டும். கழற்றிய தாள் ஓடைக்கரையில் சுருண்டு கிடந்தது. நான் ஒரு பையை மறுத்ததற்காக நிமிர்த்திய நெஞ்சு அங்கே கொஞ்சம் தளர்ந்தது.

ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பயிருக்கும் கால்நடைக்குமாக உலகம் 2019-இல் பயன்படுத்திய பிளாஸ்டிக் 12.5 மில்லியன் டன். ஏறக்குறைய பாதி ஆசியாவில். பொட்டலம் கட்டுகிற பிளாஸ்டிக் இதில் சேராது, அது தனிக் கணக்கு. என் அறுபத்தொன்று அதில் எந்த தசம இடத்தில் வரும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். மனைவி பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

வழியே இல்லாமலும் இல்லை. பிரேசிலில் 2002-இலிருந்து ஓர் ஏற்பாடு நடக்கிறது. பூச்சிமருந்து வாங்குகிற விவசாயி காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அடியில் ஓட்டை போட்டு, ரசீதில் எழுதியிருக்கும் இடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து அள்ளிக்கொண்டு போவது மருந்து தயாரிப்பவர்கள் பொறுப்பு. எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. புட்டிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் திரும்பி வந்துவிடுகின்றன. பிரான்சிலும் அயர்லாந்திலும் பண்ணைத் தாளுக்கும் சாக்குக்கும் இதே மாதிரி உண்டு. யோசித்துப் பார்த்தால் சங்கதி எளிது: காலிப் புட்டி எங்கே திரும்ப வேண்டும் என்பது அங்கே வாங்கும்போதே ரசீதில் இருக்கிறது. இங்கே நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து, காராங் கூனி, குப்பைக் குழாய் என்று அநாதைப் பிள்ளைக்கு விலாசம் தேடி அலைந்தேன். நர்சரிக்காரர் ஒவ்வொரு செடிக்கும் 50 காசு முன்பணம் பிடித்துவைத்து, தொட்டி திரும்பினால் தருவதாக இருந்திருந்தால் என் கையில் இப்போது 30 வெள்ளி 50 காசு இருக்கும். முன்பணம் என்றால் நான் 61 செடி வாங்கியிருக்கவும் மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு நல்லது நடந்தது. எங்கள் வட்டாரத்துச் சமூகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், நாற்று விடுவதற்கு இருபது தொட்டி வேண்டும் என்று கேட்டு வந்தார். சீதனம் கொடுத்து அனுப்புகிற மாதிரி, கழுவி, துடைத்து, அளவு பார்த்து அடுக்கிக் கொடுத்தேன். போர்க்கால அறையில் அன்றைக்கு முதல்முறையாகத் தரை தெரிந்தது. அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தேன். 41 என்று சுவரில் எழுதியும் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் நன்றி சொல்ல வந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து நாற்று விட்டிருக்கிறார்கள், நன்றாக வந்திருக்கிறது, உங்களுக்கு இல்லாமலா என்று தள்ளுவண்டியைக் காட்டினார். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை. இருபது தொட்டி, இருபது செடி. என் எழுத்து அப்படியே இருந்தது. மதுரை மல்லியில் கத்தரி வளர்ந்திருந்தது.

இதை எழுதும்போது வாசலில் ஒரு வெண்டையும் இரண்டு மிளகாயும் மிச்சம். தொட்டிகள் பழையபடி 61. எல்லாம் கழுவியவை, அளவு வாரியாக அடுக்கியவை. தேவைப்படுகிறவர்கள் தாராளமாக வாருங்கள், லிட்டில் இந்தியாவிலிருந்து எங்கள் பூன் கெங் எம்ஆர்டிக்கு இரண்டே நிறுத்தம். நானே கீழே கொண்டுவந்து தருகிறேன். நன்றிக்கடனாகச் செடி மட்டும் கொண்டுவராதீர்கள்.